விரலுக்கு என்ன ஆயில் ஊத்துவே, கண்ணு?

ஏங்கண்ணு, புது ரிமோட் பக்கி கார் வாங்கப் போறயாமா? உங்கம்மா போன்ல சொன்னா. இருக்கற வண்டி சரியில்ல, அதனாலதான் ரேசுல கடைசியில வர்றேன்னு சொன்னயாமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னதோட நிறுத்திக்கிட்டா. நீ கூடத்தயே மாத்தறேங்கறே. படிச்ச புள்ள, அப்படித்தான் இருப்பே.

வாங்கு சாமி, வேண்டாங்கல. கடைக்காரனுக்கும் புள்ளகுட்டி இருக்குது, அவனும் பொழைக்கோணுமல்ல.

நான் கலிபோர்னியாவுக்கு வந்திருந்தப்ப, பெருசு ஊட்டுக்குள்ளயே கெடந்து தொணதொணக்க வேண்டாம்னு என்னய ட்ராக்குக்குக் கூட்டீட்டுப் போயி ஒரு மூலையில உக்கார வெச்சயே, நெனப்பிருக்குதா? வேட்டி கட்டுன கெழவனுக்கு என்ன தெரியும்னு நீ நெனச்சிருப்பே. கோயமுத்தூர்ல பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கட்டித்தான் உங்கம்மாளப் படிக்க வெச்சேன். மூலையில இருந்து பாத்தா ட்ராக் முழுசாத் தெரியும்டா. மேடையில நின்னு ரிமோட் புடிச்சிருக்கறவனுக்கு அவன் வண்டி மட்டுந்தான் தெரியும். உனக்கு அதுவும் பாதி நேரந்தான்.

சரி, எந்த வண்டி? வண்டியப் பாக்காத, ட்ராக் கடையோட செவுத்தப் பாரு. எந்த வண்டிக்குச் சக்கரத்தத் தாங்கற ஆர்மும் ஷாக் மாட்டற டவரும் செவுரு நெறையத் தொங்குதோ அதுதான் உன்ற வண்டி. நீ ஓட்டற லட்சணத்துக்கு மொத ரவுண்டுலயே முன்னால ஆர்ம் ஒடியும். அப்ப ஞாயித்துக்கெழம மத்தியானம் எந்தக் கம்பெனியும் உனக்குப் பார்சல் கொண்டாந்து குடுக்காது. பக்கத்து மேசக்காரன் அதே வண்டி வெச்சிருந்தா ஒரு ஆர்ம் கடனாவாவது கெடைக்கும். அவன்கிட்ட ரெண்டு வார்த்த நல்லபடியாப் பேசி வெச்சுக்க.

ரெடியா ஓடற மாதிரி பெட்டியில வர்றத வாங்காத. கிட்டா வாங்கி நீயே மாட்டு. ஒவ்வொரு திருகும் எங்க இருக்குதுன்னு கை அறியோணும், ஏன்னா வாராவாரம் அத்தனையும் கழட்டப் போறவன் நீதான்.

எட்டுல ஒரு பங்கு அளவுல இருக்குதே, நைட்ரோ எஞ்சின் வண்டி, அது மேல உனக்கு ஒரு கண்ணு. பாத்தேன். 3.5 சிசி எஞ்சின், 125 சிசி டேங்க். உலகப் போட்டியில கடைசி ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடும். பத்து நிமிசத்துக்குள்ள ஒருக்கா பிட்டுக்கு வந்து எண்ண குடிக்கோணும், அத ஊத்த ஒரு ஆளு வேணும். நீ அஞ்சு நிமிசப் பந்தயத்துலயே மூணாவது நிமிசத்துல பெருமூச்சு உடறே. பத்துல ஒரு பங்கு, கரண்டு வண்டி, பின்சக்கரம் ரெண்டு மட்டும் இழுக்கறது, அது போதும். நாலு சக்கரமும் இழுக்கற வண்டி உன்ற தப்ப மறைச்சுக் குடுக்கும். ரெண்டு சக்கர வண்டி ஊரறியச் சொல்லிரும். வளைவுல கொஞ்சம் அவசரப்பட்டு அமுத்துனாப் போதும், வாலத் திருப்பிக் காட்டும்.

வாங்கறப்ப மோட்டார் எங்க இருக்குதுன்னும் பாரு, அதுக்கு ஒரு கதை இருக்குது. உங்க கலிபோர்னியாவுல இருந்துதான் 1984ல ஆர்.சி.10 வந்துச்சு. டீம் அசோசியேட்டட் செஞ்சது, தங்கக் கலர் அலுமினிய சேசிஸ். அதுக்கு அஞ்சு வருசம் முந்தியே ஜப்பான்ல டமியாக்காரங்க சாண்ட் ஸ்கார்ச்சர்னு ஒண்ணு உட்டிருந்தாங்க, பாக்க நெச வண்டியேதான். ஆனா ஆர்.சி.10 பந்தயத்துக்குன்னே செஞ்சது. 1985ல டெல் மார்ல இந்த அளவு மண்ணு வண்டிகளுக்கு மொத உலகப் போட்டி நடந்தப்ப ரெண்டு சக்கர வகையில ஜெயிச்சதும் அதுதான். அந்தக் காலத்து ட்ராக்கு பொலபொலன்னு புழுதி மண்ணு. பின்சக்கரம் புடிக்கறதுக்காக மோட்டாரக் கொண்டி வாலுல வெச்சாங்க. இப்ப நீ ஓட்டறது தண்ணி தெளிச்சுக் கெட்டிச்ச களிமண்ணு, டயர் ஒட்டிக்குது. அதனால மோட்டார் பின் அச்சுக்கு முன்னால, நடுவாக்குல வந்துருச்சு. நீ அந்த மாதிரியே வாங்கு.

அப்புறம் ஜப்பான்ல ஒரு பையன், மசாமி ஹிரோசாகா. 1987ல இங்கிலாந்துல ரோம்சியில நாலு சக்கர வகையில ஜெயிச்சான். ஓட்டுனது சூமாக்கர்னு ஒரு இங்கிலாந்துக் கம்பெனியோட கேட் வண்டி. பொறவு வேற வேற கம்பெனி வண்டியெல்லாம் ஓட்டி மொத்தம் 14 உலகப் பட்டம். அவங்கிட்ட உன்ற பழைய வண்டியக் குடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். நீ வருத்தப்படுவே.

மோட்டார் சங்கதியில மட்டும் எங்கிட்ட வாயத் தொறக்காத. 17.5 டர்ன் மெதுவா இருக்குது, கொறைச்ச டர்ன் போடோணும்ங்கறே. காயில்ல சுத்து கொறஞ்சா வேகம் கூடுந்தான். மோட்டார் சுத்தும்போது அதுவே எதிர்க்க ஒரு வோல்டேஜக் கெளப்பும். காயில் சுத்து கம்மின்னா அந்த எதிர்ப்பும் கம்மி, அதே பேட்டரிக்கு இன்னும் வேகமாச் சுத்தும். கூடவே கரண்டையும் குடிக்கும், சூடும் ஏறும். எத்தன மோட்டார் கருகி எங்கடைக்கு வந்திருக்குதுன்னு எனக்குத் தெரியும். 17.5லயே இரு. அந்த வேகத்துலயே ட்ராக் ஓரத்துப் பைப்புல முட்டறவனுக்கு இன்னும் வேகம் எதுக்கு? இன்னும் பலமா முட்டவா?

பேட்டரி 7.4 வோல்ட், ரெண்டு செல்லு. முழுசாச் சார்ஜ் ஏறுனா 8.4. ஒரு செல்லு 3 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா வீணாப் போயிரும். சும்மா வெக்கறதா இருந்தா செல்லுக்கு 3.8ல வெச்சிரு. தீப்புடிக்காத பையில போட்டு, பக்கத்துலயே இருந்து சார்ஜ் ஏத்து. அம்மாயி தோசைக்கல்லுக்குப் பக்கத்துல நீ அத வெச்சுட்டுத் தூங்கப் போனயே, அவ இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறா.

இனி செட்டிங். உனக்கு இதுதான வேதம். ஒரே ராத்திரியில ஸ்பிரிங் மாத்தி, ஷாக் ஆயில் மாத்தி, சக்கரத்தோட சாய்வு, அதான் கேம்பர், அதையும் மாத்தி, டிஃபரன்ஷியல் ஆயிலும் மாத்திட்டு, காத்தால எது கெட்டுதுன்னு தெரியாம முழிப்பே. ஒரு நேரத்துல ஒண்ணுதான். நோட்டுல எழுது. நல்லா இல்லீன்னா பழையபடிக்கே கொண்டி வெய்யி.

டயர்ல இருந்து ஆரம்பி. நம்மூர்ல மொட்ட டயர்ல போனா போலீஸ்காரன் புடிப்பான். அங்க களிமண் ட்ராக்குக்கு மொட்ட டயரப் புதுசாவே காசு குடுத்து வாங்கறாங்க, அதுக்குத் தைலம் வேற தடவறாங்க. சிரிச்சேன், ஆனா மண்ணுல அதுதான் ஒட்டுது. புழுதியா இருந்தா ஊசிப் பல்லு வெச்சதுதான் வேணும். எந்த டயர்னு இன்டர்நெட்டுல தேடாத. உங்க ட்ராக்குல மொதல்ல வர்றவன் என்ன போட்டிருக்கறான்னு குனிஞ்சு பாரு. கேட்டாச் சொல்லியும் போடுவான், உன்னயப் பாத்து அவன் பயப்பட ஒண்ணுமில்ல.

அப்புறம் உசரம். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, வண்டிய ஒரு சாண் மேல தூக்கி மேசையில போடு. தானா உக்கார்ற எடத்துல அடிப்பக்கத்த அள. மண்ணு ட்ராக்குக்கு 20, 22 மில்லிமீட்டர்ல ஆரம்பிப்பாங்க. ஷாக்குல ஆயில் ஊத்துனா பிஸ்டன மெதுவா ஏத்தி எறக்கி, காத்துக்குமிழி அத்தனையும் வெளிய வந்தப்புறம் மூடியத் திருகு. நீ டீ ஆறுறதுக்குள்ள மூடறே. எடதுபக்க ஷாக்கு ஒரு வேகத்துல எறங்குது, வலதுபக்கம் ஒரு வேகத்துல எறங்குது, குதிச்சு எறங்குனா வண்டி ஒருசாயா ஓடுது. நீ உடனே கம்பெனியத் திட்டறே. வெய்யக் காலத்துல அந்த சிலிக்கான் ஆயில் இளகும், அப்பக் கொஞ்சம் கெட்டியா ஊத்து. பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவுல ஒரு காகிதத் துண்டக் குடுத்து மோட்டார முடுக்கிட்டு, காகிதத்த உருவீரு. அந்த எடவெளி போதும். கேம்பர் ஒரு டிகிரி உள்பக்கம் சாஞ்சிருந்தாப் போதும், அதுல ஆராய்ச்சி வேண்டாம். டிஃப் ஆயில் கம்பெனி சொன்னதே இருக்கட்டும்.

இத்தனையும் பண்ணியும் கடைசியில வந்தா? வருவே. குதிக்கும்போது நீ என்ன பண்றேன்னு நான் பாத்தேன். காத்துல மூக்கு கீழ போச்சுன்னா ஆக்சிலேட்டர அமுத்தோணும், சக்கரம் வேகமாச் சுத்துனா மூக்கு மேல வரும். மூக்கு மேல போச்சுன்னா பிரேக். நீ பயத்துல எப்பவும் கைய எடுத்துர்றே, வண்டி மூக்காலயே எறங்குது. மார்ஷல் ஓடி வந்து நிமித்தி உடறதுக்குள்ள மத்தவங்க ஒரு வளைவு தாண்டிப் போயிர்றாங்க. அஞ்சு நிமிசத்துல நாலுதரம் அப்படிக் கவுந்தா எந்த ஊரு ஆயில் ஊத்தி அந்த நேரத்தப் புடிப்பே? ரேடியோவுல வேகத்த முக்கால்வாசிக்கு எறக்கி வெச்சுட்டு, கவுறாம அஞ்சு நிமிசம் ஓட்டிப் பாரு. உன்ற ரேசு முடிஞ்சதும் நீ மார்ஷலா நிக்கோணுமல்ல, அப்ப போனத் தடவாம முன்னால போறவன் எந்த எடத்துல வேகத்தக் கொறைக்கறான்னு பாரு. அதுக்கு அவன் காசு வாங்க மாட்டான்.

நாஞ் சொன்னாக் கேக்கவா போறே? எப்படியும் வாங்கத்தான் போறே. வாங்கிக்க. ஆனா அந்தப் பழசக் கண்டவனுக்கு அடிமாட்டு வெலைக்கு வித்துராத. தீபாவளிக்கு வர்றப்ப பெட்டியில போட்டுக் கொண்டா. பேட்டரியப் பெட்டியில வெக்காத, ஏரோப்ளேன்ல உட மாட்டாங்க, கைப்பையில வெச்சுக்க. 17.5 மோட்டார் அதுலயே இருக்கட்டும், கழட்டாத. களத்துல மண்ணு தள்ளி, தண்ணி தெளிச்சு, ரெண்டு மேடு கட்டி வெச்சிருக்கறேன். அம்மாயி கேட்டா வெங்காயம் காயப்போடன்னு சொல்லியிருக்கறேன், நீயும் அதையே சொல்லு.