பங்காளியியல்: அணி மொழிகளுக்கிடையே நிரல் பெயர்த்தல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: மேட்லேபில் எழுதிய கணக்கை ஆக்டேவுக்கோ பைத்தானின் அணி நூலகமான நம்பைக்கோ பெயர்க்கையில் மனிதகுலம் அடையும் துன்பம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், அப்படியே ஓடும்" என்ற வாக்கியமே இத்துன்பத்தின் பிறப்பிடம் என்பது எமது கருதுகோள்.

குலமரபு: 1970களின் இறுதியில், மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே அணிக் கணக்குப் போடட்டும் என்று கிளீவ் மோலர் மேட்லேபை உருவாக்கினார். 1984இல் அதை விற்க நிறுவனம் தோன்றியது. 1992இல் ஜான் ஈட்டன் ஆக்டேவை எழுதத் தொடங்கினார். இது கட்டற்ற மென்பொருள். இரண்டும் பங்காளிகள்: முகச்சாயல் ஒன்று, வரப்புத் தகராறு நிரந்தரம்.

பிழைகள் இருவகைப்படும்.

அ) கத்தும் பிழை. ஆக்டேவில் குறிப்புரையை # போட்டும் தொடங்கலாம். மேட்லேப் % மட்டுமே ஏற்கும், # கண்டால் அலறும். இது நற்குணமுள்ள பிழை. இருக்கும் வரியையும் சொல்லிவிடும்.

ஆ) மௌனப் பிழை. "1" + "2" என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதுக. இன்றைய மேட்லேப் இரு சரங்களையும் ஒட்டி 12 என்னும். ஆக்டேவோ எழுத்துகளின் குறியெண்களான 49ஐயும் 50ஐயும் கூட்டி 99 என்னும். மூன்று என்று சொல்ல ஆளில்லை.

நம்பைக்குப் போனால் மௌனம் இன்னும் ஆழமாகும். 1, 2, 3 ஆகியவற்றின் திட்ட விலக்கம் மேட்லேபில் 1, நம்பையில் 0.816. முன்னது இரண்டால் வகுக்கிறது, பின்னது மூன்றால். 2.5ஐ முழுமையாக்கினால் அங்கே 3, இங்கே 2. நம்பை இரட்டைப்படைப் பக்கம் சாயும். இரு சதுர அணிகளுக்கு நடுவே * போட்டால் அங்கே அணிப்பெருக்கல், இங்கே உறுப்புக்கு உறுப்புப் பெருக்கல். முதல் உறுப்பின் எண் அங்கே 1, இங்கே 0. ஒன்றுக்கும் எச்சரிக்கை வராது.

மறுப்பு: "ஆனால் விடை வந்ததே!"

மறுப்புக்கு மறுப்பு: வந்தது, எந்த விடை என்பதே வழக்கு.

கண்டறிந்த விதி: மொழிகளின் ஒற்றுமை கூடக் கூட, பிழையின் குரல் குறையும்.

பரிந்துரை: பெயர்க்குமுன், கையால் சரிபார்க்கக்கூடிய சிறு கணக்குகளைப் பழைய மொழியில் ஓட்டி விடைகளை எழுதி வைக்க. பெயர்த்தபின் ஒவ்வொன்றாய் ஒப்பிடுக. தசம விடைகள் கடைசி இலக்கத்தில் பிசகினால் பொறுத்தருள்க. முதல் இலக்கத்திலேயே பிசகினால் பொறுக்கற்க. ஓடுதல் வேறு, ஒத்தல் வேறு.