கூகுள்குறிச்சி

2010 பிப்ரவரி 10 அன்று ஜாகீர்தார் திருவாய் மலர்ந்தார். பெயர் கூகுள், ஜாகை கலிஃபோர்னியா. நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தில் ஃபைபர் இன்டர்நெட் போடப்போகிறாராம். 50,000 பேருக்கு நிச்சயம். மனசு குளிர்ந்தால் 5 லட்சம் பேருக்கு. வேண்டும் என்கிற ஊர்கள் மார்ச் 26-க்குள் மனுப் போடலாம்.

அமெரிக்காவை ஜனநாயக நாடு என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த நாட்டில் சுமார் 1,100 ஊர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றன. கான்சாஸ் மாநிலத்து டொபீகா நகரின் மேயர் பில் பன்டென், மார்ச் மாதம் முழுக்க ஊரின் பெயரே 'கூகுள்' என்று அறிவித்தார். 1998-இல் போக்கிமானுக்காக ஒரு நாள் 'டொபிகாச்சு' ஆன ஊர் அது. பழக்கதோஷம். டுலூத் மேயர் உறைபனிக் குளிரில் சுப்பீரியர் ஏரிக்குள் குதித்தார். சரசோட்டா மேயர் சுறாத் தொட்டிக்குள் இறங்கி நீந்தினார்.

கும்பிடு போடுவதைப் பற்றி எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கல்வராயன் மலையில் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் இருந்தன. நாடு சுதந்திரம் வாங்கிய சேதி மலையேற நெடுங்காலம் பிடித்தது. 1976-இல்தான் சர்க்கார் அவற்றைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடி சனங்களுக்கு வரியும் உண்டு, வெட்டி வேலையும் உண்டு. ஆனாலும் சுறாவோடு நீந்தச் சொன்ன ஜாகீர்தார் யாரும் அங்கே இருந்ததில்லை. மலையில் சுறா கிடையாது என்பது வேறு விஷயம்.

டொபீகாவின் பக்திக்கு ஜாகீர்தார் பிரசாதம் தந்தார்: ஏப்ரல் 1 அன்று ஒரு நாள் மட்டும் கூகுள் தன் பெயரை 'டொபீகா' என்று மாற்றிக்கொண்டது. ஃபைபரை? 2011 மார்ச்சில் அதே மாநிலத்துக் கான்சாஸ் சிட்டிக்குக் கொடுத்தது.

2012-இல் மாதம் 70 டாலருக்கு ஜிகாபிட் என்று கடை விரித்தார்கள். கண்ணாடி இழைக்குள் வெளிச்சத்தை ஓட்டுவது சுலபம். இழையைத் தரைக்குள் இறக்குவதில்தான் பணம் கரையும். 2016 அக்டோபரில் புது ஊர்களுக்கு 'அப்புறம் பார்ப்போம்' என்று சொல்லிவிட்டார்கள். ஃபைபர் பிரிவின் தலைமை அதிகாரியும் நடையைக் கட்டினார். லூயிவில் நகரில் செலவை மிச்சம்பிடிக்க ரோட்டில் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கீறிக் கேபிளைப் புதைத்தார்கள். அது வெளியே வந்து எட்டிப்பார்த்தது. 2019-இல் கடையைக் கட்டி, ரோட்டைச் சரிசெய்ய நகராட்சிக்கு 38 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பள்ளம் தோண்டியவரே மூடுவதற்கும் காசு கொடுத்தார் என்பதைத்தான் கள்ளக்குறிச்சியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நம் நாட்டுக்கும் ஜாகீர்தார் எழுந்தருளினார். 2015-இல் அறிவிப்பு, 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடக்கம்: ரயில் நிலையங்களில் இலவச வைஃபை. கேபிள் ரயில்டெல்லுடையது, பெயர் கூகுளுடையது. 2018-க்குள் 400 நிலையங்கள். எங்களுக்கு மட்டும் ஒரு சின்னச் சிக்கல்: அப்போது கள்ளக்குறிச்சியில் வைஃபை வைக்க ரயில் நிலையமே இல்லை. ரயில் பிடிக்கச் சின்னசேலம் போன ஊர் இது. 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். மூன்றே மாதத்தில், டேட்டா மலிந்துவிட்டது, இனி எங்கள் தயவு தேவையில்லை என்று கூகுள் மூட்டையைக் கட்டியது. ஜியோ 2016-இலேயே வந்து விலையை உடைத்திருந்தது.

இன்னொரு பக்கம், பாரத்நெட் என்று பிற்பாடு பெயர் வாங்கிய ஃபைபர் திட்டத்துக்கு 2011-லேயே மத்திய அரசு ஒப்புதல் கொடுத்திருந்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கேபிள் இழுக்க ஃபைபர்நெட் கழகம் உண்டானது. இதற்காகக் கல்வராயன் மலையின் வெள்ளிமலை தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, ஊராட்சித் தலைவர் யாரும் கோமுகி அணையில் குதிக்கவில்லை. பட்டியலில் எல்லா ஊரும் உண்டு. வேகம் என்று பார்த்தால், கோப்பு நகர்கிற வேகம்தான்.

அதனால் சர்க்காரைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ஜாகீர்தார் கணக்குப் பார்த்துக் கிளம்பிவிட்டால் கான்சாஸ் சிட்டி யாரைப் போய்க் கேட்கும்? எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இழுத்தடிக்கிற ஆசாமிகள் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுக் கேட்டு மலையேறி வந்தே ஆக வேண்டும்.