பழைய ஜிப்ஸியின் பாலைத்திணை: ஓர் ஆய்வு

பாலைக்கு உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும் என்று வகுத்த தொல்காப்பியர், பொருள் தேடிப் போகும் தலைவனையும் வளை நெகிழ நிற்கும் தலைவியையும் மனத்தில் வைத்தே அப்படிச் சொன்னார் என்பது உரையாசிரியர்களின் துணிபு. நம் துணிபு வேறு. ராணுவ ஏலத்தில் வந்த பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றை வாங்கி, ஜெய்சல்மேருக்கு மேற்கே உள்ள சாம் மணற்குன்றுகளுக்கு ஓட்டிப் போகத் தயார்செய்து பார்த்தவருக்கு இலக்கணத்தின் உட்பொருள் தானே விளங்கும். போல்ட்டை நட்டு பிரிகிறது. ஹோஸைக் கிளிப் பிரிகிறது. சைலன்சர் எல்லோரையும் பிரிகிறது.

முதற்பொருளில் நிலத்தைப் பற்றி நமக்குத் தகராறு இல்லை. பொழுதுதான் கவனத்துக்குரியது. பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் சொன்னவர், பின்பனிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மே மாதத்தில் தார் 45 டிகிரியைத் தாண்டும். பின்பனியில் அந்தத் தொல்லை இல்லை. அவருக்கு ரேடியேட்டர் தெரிந்திருந்தது என்பதைத் தவிர இந்தச் சலுகைக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

கருப்பொருள் சுருக்கமானது. தெய்வம் மெக்கானிக். உணா பெட்ரோல். பறை டாப்பட் சத்தம். மா, ஒயரைக் கடித்துவைத்த எலி.

தலைவியின் குலம் பற்றி ஒரு சொல். ஜிப்ஸி 1985இல் 970 சிசி இன்ஜினோடு வந்தது, பின்னால் 1.3 லிட்டர் ஆயிற்று. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். ராணுவப் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. ஆகவே ஏல வண்டிகளுக்கு வெள்ளையோ சிவப்போ அடித்திருப்பார்கள். கதவு இடுக்கில் நகத்தால் சுரண்டினால் பழைய பச்சை எட்டிப் பார்க்கும். பிறந்த வீட்டை மறக்காத குணம்.

பழுதுபார்ப்பதில் இரண்டு மரபுகள் உண்டு. "ஓடுற வண்டியில கை வைக்காதீங்க சார்" என்பது ஒன்று. "இன்ஜினை இறக்கிடலாம் சார்" என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மெக்கானிக் ஒரே வாரத்தில் சொல்லக் கேட்கலாம். அந்த வாரம் ஷெட்டில் எத்தனை வண்டி நிற்கிறது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

இனி உரிப்பொருள். பிரிவுகளில் கொடியது கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் பிரிவு. இன்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்புக்குத் திரவத்தைத் தள்ளத் தெரியும், ஆவியைத் தள்ளத் தெரியாது. வண்டி இருமும், குலுங்கும், நிற்கும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பதே மருந்து. காத்திருத்தல் முல்லைக்கு உரியதாயிற்றே என்று கேட்பவர் வண்டியிலிருந்து இறங்கித் தள்ளலாம்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே உள்ள நீர் 100 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் அழுத்தம் பிரியும், பின்னாலேயே நீரும் பிரியும். ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் மூடியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்துறையின் மூத்த உரையாசிரியர் ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920களில் எகிப்திலிருந்து ஃபோர்டு கார்களில் பாலைக்குள் போனவர். ரேடியேட்டரை விட்டுப் பிரியும் நீராவியைக் குழாய் வழியே ஒரு தண்ணீர் டின்னுக்குள் இறக்கிக் குளிரவைத்துத் திரும்பவும் ரேடியேட்டருக்கே சேர்த்துவிட்டார். புதைந்த சக்கரத்துக்கு அடியில் செருகும் இரும்புத் தகடுகள் அவருக்குக் கெய்ரோவின் பழைய சாமான் கடையில் கிடைத்தன. நம் ஆய்வாளர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. காற்றில் மணல் நகரும் இயற்பியலைப் பற்றி 1941இல் அவர் எழுதிய நூல், செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்பவர்களுக்கும் உதவியிருக்கிறது. அங்கே ஜிப்ஸி இன்னும் போகவில்லை.

விரும்பத்தக்க பிரிவு ஒன்றே ஒன்று உண்டு: டயரிலிருந்து காற்றின் பிரிவு. மணலுக்கு முன் 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து பாரத்தைப் பரப்பிக்கொள்ளும். மிகவும் இறக்கினால் வளைவில் டயரே ரிம்மைப் பிரிந்து தனி வழி போகும். தார்ச்சாலைக்குத் திரும்பும்போது காற்றடிக்கப் பம்ப் வேண்டும். அதை ஷெட்டிலேயே மறந்துவிட்டு வருவது பிரிதல் நிமித்தம்.

கடைசியாகத் திணைமயக்கம். பாலையில் குறிஞ்சியின் புணர்தல் நிகழும் ஓர் இடம் ஜிப்ஸியின் முன்சக்கர ஹப். ஃபோர் வீல் லீவரைப் போட்டுவிட்டாலே போதும் என்று நம்பி, பின்சக்கரங்கள் மட்டும் சுழன்று அச்சு வரை புதைந்த வண்டிகள் பல. மணலில் இறங்கும் முன் வண்டியை விட்டு இறங்கி இரண்டு முன் ஹப்புகளையும் கையால் லாக்கில் திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் முன்சக்கரங்கள் இழுக்காது.