அஞ்சு நிமிஷ பிளாங்க்

(சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி. பாயில் முழங்கை ஊன்றிக் கிடப்பவர் பெரியப்பா, வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூக்குக்கு நேரே கைப்பேசியில் விநாடி ஓடுகிறது. துணி காயப்போட வந்திருப்பவள் தம்பி மகள் வானதி, பிசியோதெரபிஸ்ட். சுவரோரம் ஒரு மாப் கட்டை. அதற்கும் வேலை இருக்கிறது.)

பெரியப்பா: பேசாதே! நாலு நிமிஷம்... பதினெட்டு...

வானதி: நான் வாயே திறக்கலையே பெரியப்பா. என்ன பண்றீங்க?

பெரியப்பா: தெரியலையா? பிளாங்க்! 2023ல செக் நாட்டுக்காரர் ஜோசப் ஷாலெக் 9 மணி 38 நிமிஷம் நின்னார். 2024ல கனடாவுல டோனாஜீன் வைல்டுன்னு ஒரு அம்மா, என்னை மாதிரி ரிட்டயர் ஆனவங்க, நாலரை மணி நேரம்! நான் தினமும் அஞ்சு நிமிஷம்னு குரூப்புல போடறேன். ‘பி’ பிளாக்காரருக்கு மூணுதான்.

வானதி: அவங்க நின்னாங்க, சரி. நீங்க தொங்கறீங்களே. வயிறு பாயைத் தொடுது.

பெரியப்பா: அது வயிறு பெருசும்மா.

வானதி: இருங்க, அளந்துடுவோம். (கட்டையை முதுகின் மேல் நீளவாக்கில் வைக்கிறாள்.) பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவுல, வால் எலும்பு, மூணு இடத்துலயும் ஒட்டணும். இடுப்புப் பள்ளத்துல உள்ளங்கை நுழைஞ்சா போதும். உங்களுக்கு அந்த வழியா பூனையே போயிடும். முதல்ல தலையை இறக்குங்க.

பெரியப்பா: அப்புறம் டைமரை யார் பார்க்கிறது?

வானதி: கண்ணு தரையைப் பார்க்கட்டும். முழங்கை ரொம்ப முன்னாடி போயிருக்கு, தோளுக்கு நேர் கீழே கொண்டு வாங்க. முழங்கால் மடங்கக் கூடாது. பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்பக்கமா இழுங்க. வயித்துல யாரோ குத்த வர்றாங்க, அதைத் தாங்கணும்.

பெரியப்பா: ம்ம்ம்ம்...

வானதி: மூச்சை ஏன் அடக்கறீங்க? பி.பி. மாத்திரை சாப்பிடறவர் தம் கட்டி முக்கினா பிரஷர் ஏறும்.

பெரியப்பா: மூச்சு விட்டா வயிறு தளருதேம்மா!

வானதி: தளராம மூச்சு விடறதுதான் பயிற்சியே.

(உடம்பு கிடுகிடுவென நடுங்குகிறது. எட்டு... ஒன்பது... பத்து. தொப்பென்று விழுகிறார்.)

பெரியப்பா: பத்து செகண்டுல ஆளைச் சாய்ச்சுட்டியே! அஞ்சு நிமிஷம் நிக்கறவன் நான்!

வானதி: அந்த அஞ்சு நிமிஷமும் வயித்துத் தசைக்கு லீவு. பாரமெல்லாம் கீழ்முதுகுல. ராத்திரி பெரியம்மா எதுக்குத் தைலம் தேய்க்கறாங்கன்னு நினைச்சீங்க?

பெரியப்பா: அது வயசு.

(எந்தப் பழியைச் சுமத்தினாலும் எதிர்த்துப் பேசாத ஒரே உறவு, வயசு.)

வானதி: வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல முப்பது வருஷம் முதுகுத்தண்டையே ஆராய்ஞ்சவர் ஸ்டுவர்ட் மெக்கில். அவரே பத்து செகண்டு நில்லு, இறங்கு, திரும்ப நில்லுன்னுதான் சொல்றார். இடுப்பு தொங்கிடுச்சுன்னா அதோட கணக்கை நிறுத்திடணும். அதுக்கு மேல ஓடறது டைமர் மட்டும்தான்.

பெரியப்பா: பத்து செகண்டுன்னு குரூப்புல எப்படிம்மா போடறது? ‘பி’ பிளாக்காரர் சிரிக்க மாட்டாரா?

வானதி: போடாதீங்க.

பெரியப்பா: போடாம செய்யறதா? அப்புறம் எதுக்கு விடியக்காலையில எழுந்து இந்தப் பாடு? (யோசிக்கிறார். வங்கி விழித்துக்கொள்கிறது.) இரு இரு. ஆறு தடவை செஞ்சா ஒரு நிமிஷம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வருஷத்துக்கு 730 நிமிஷம். அதாவது 12 மணி 10 நிமிஷம்! வானதி, அந்த ஷாலெக் போட்டோ ஒண்ணு தேடிக் கொடு. பக்கத்துல என் படத்தையும் வச்சு இப்பவே அனுப்பிடறேன்.