கோட்டோரத்து அப்பா

குறுவட்ட விளையாட்டுப் போட்டி வந்துவிட்டால் பாளையம்பட்டிப் பக்கம் சில தறிகள் காலையிலேயே சத்தத்தை நிறுத்திவிடும். கரண்ட் கட் இல்லை. ஓட்டுகிறவர் மைதானத்துக்குப் போய்விட்டார். தறி போடவேண்டிய சத்தத்தை அங்கே அவரே போட்டுக்கொண்டிருப்பார்.

ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு, கையில் பையனுடைய தண்ணீர் பாட்டில். அதில் பாதியை அவரே குடித்து முடித்திருப்பார், கத்துகிற தொண்டைக்குத்தானே தண்ணீர் வேண்டும். கபடிக் களத்தில் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே நிற்பார்.

"அண்ணே, கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்பார் பி.டி. சார்.

"எந்தக் கோடு சார்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆடிக் காற்று. கரிசல் மண்ணில் விடிகாலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு, பத்து மணிக்கெல்லாம் திருச்சுழியைப் பார்த்துக் கிளம்பியிருக்கும். கோடு இல்லாத களத்தில் எல்லா அவுட்டும் வழக்குதான். எல்லா வழக்குக்கும் இவர்தான் வக்கீல். பாடிப் போகிறவன் யாரையும் தொடாமல் களத்தின் பக்கவாட்டுப் பட்டையான லாபியில் கால் வைத்தால் அவுட். தொட்டு இழுபறி தொடங்கிவிட்டால் லாபியும் களத்தோடு சேர்ந்துவிடும். இந்த விதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். என்ன, முதல் பாதியை எதிரணிக்கும் இரண்டாம் பாதியைத் தன் பையனுக்கும் என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறார்.

கபடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டை உண்டு. மஞ்சள் வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அவ்வளவு யோசித்து விதி எழுதியவர்கள், அப்பாவுக்கு நீட்ட ஓர் அட்டை வைக்காமல் விட்டது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

ஓட்டப் பந்தயம் என்றால் இன்னும் விசேஷம். 400 மீட்டரில் பையன் வளைவு திரும்பும்போது, இவரும் உள்பக்கத்தில் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். "இழுத்து விடுறா! மூச்சை விடாத! கைய வீசு!" மூன்று உத்தரவையும் ஒரே மூச்சில் கேட்ட பையன், எதைச் செய்வது என்று தெரியாமல் அப்பாவையே திரும்பிப் பார்ப்பான். அதற்குள் பக்கத்து வரிசைக்காரன் போயே போய்விடுவான். போட்டியில் இல்லாத ஆள் கூடவே ஓடி வேகம் கொடுத்தால் அதை உதவி என்றுதான் தடகள விதி சொல்கிறது. எச்சரித்த பிறகும் தொடர்ந்தால் பையனைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடலாம். ஓடியது அப்பா, தகுதி போவது மகனுக்கு. சொத்துத் தகராறில்கூட இப்படி நடக்காது.

இத்தனை பாடுபடும் மனிதரிடம் நுழைவுப் படிவத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்டுப் பாருங்கள். "நாளைக்குத் தாரேன் சார்." கடைசி நாள் சாயங்காலம் பையனின் அம்மாதான் தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்து, வேர்க்க விறுவிறுக்க வந்து கொடுத்துவிட்டுப் போவார். "பையன் எந்த செக்‌ஷன்ணே?" என்றால், "ஜெர்சி நம்பர் ஏழு சார்" என்று பதில் வரும். பையன் தோற்று வந்தால் அம்மா கேட்பது, முழங்கால் எப்படிக் கிழிந்தது என்று. அப்பா கேட்பது, அந்த ரெஃப்ரி எந்த ஊர்க்காரன் என்று.

கணக்கில் மட்டும் ஆள் புலி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் என்று டீக்கடையில் விரல் விட்டு எண்ணுவார். பையன் இப்போது ஏழாம் வகுப்பு. கணக்குப் பரீட்சையில் பன்னிரண்டு மார்க் என்று பி.டி. சார் மெல்ல எடுத்துச் சொன்னால், "நம்ம திருச்சுழியில பொறந்த ரமணரே மதுரைல படிக்கிறப்ப ஃபுட்பாலு, குஸ்தின்னு திரிஞ்சவருதானே சார்?" என்று மடக்குவார். வாஸ்தவம். ஆனால் பின்னாளில் ரமணரான அந்த வெங்கட்ராமன் 1892இல் தகப்பனாரை இழந்து, மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். கோட்டோரம் நின்று யாரும் அவருக்குத் தொண்டை கிழியக் கத்தியதாக நான் படித்ததில்லை.

போன வருஷம் வரை இப்படி. இந்த வருஷம் பையன் யோசித்துவிட்டான். கபடிக்குப் பேர் கொடுக்கவில்லை, செஸ்ஸுக்குக் கொடுத்தான். ஏழு முதல் பதினேழு வயது வரை சதுரங்கம் என்று பள்ளிகளில் அரசு கொண்டுவந்த திட்டத்தின் அருமை அவனுக்குத்தான் முழுசாகப் புரிந்திருக்கிறது. மூடிய அறை. பார்வையாளர் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, திறந்தால் நடுவர் வெளியே அனுப்பலாம் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பி.டி. சார் முகத்தில் அன்று இருந்த களை, மாநில அளவில் கோப்பை வாங்கியபோதுகூட இருந்ததில்லை.

அப்பா சும்மா இருப்பாரா? ராத்திரியோடு ராத்திரியாகப் பையனின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டார். மறுநாள் முதல் சுற்று தொடங்கிக் கால் மணி நேரம் அறையில் பொட்டுச் சத்தம் இல்லை. பிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே இருந்து வந்தது அந்தக் குரல்:

"சார்! எதிர்த்தாப்ல இருக்குற பய குதிரையைத் தொட்டுட்டு வேற காயை நகட்டுறான் சார்!"