மனு தீரும் முறை

விழுப்புரத்துக்கு நேருஜி சாலை, திண்டிவனத்துக்கு நேரு வீதி. இரண்டிலும் நடைபாதை காணவில்லை என்பவருக்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர்க்கும் கூட்டம் உண்டு. வர இயலாதவருக்கு 1100 என்ற எண். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். நடைபாதையைவிட இது பத்திரமானது, மேலே யாரும் கடை போட முடியாது. பிறகு மனு நகராட்சிக்கும், நெடுஞ்சாலைத் துறைக்கும், போக்குவரத்துக் காவலுக்கும் மாறிமாறிப் போகும். நெரிசலில் சிக்காமல் ஊரைச் சுற்றுவது அது ஒன்றுதான். ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் கடைக்காரர்களின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது: பொக்லைன் வருமுன் பலகை உள்ளே, போனதும் வெளியே. நிறைவாக, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். மனுதாரர் அதை நிதானமாகப் படிக்க வேண்டி, பைக்கை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்துகிறார்.