சாயம் ஏறுச்சா கண்ணு?

எங்கள் வீட்டில் சாயம் போடுகிறவர்கள் இரண்டு பேர். அப்பா திருப்பூரில் முப்பது வருடமாகப் பனியன் துணிக்குப் போடுகிறார். நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் நாலு வருடமாகச் சுண்டெலியின் மூளைக்குப் போடுகிறேன். அவர் டன் கணக்கில், நான் மைக்ரோலிட்டர் கணக்கில். அவருக்குச் சாயம் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மா சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார். அப்பா போனை வாங்கியதும், "சாயம் ஏறுச்சா கண்ணு?" என்பார். நான் பேச்சை மாற்றுவேன்.

சுண்டெலியின் மூளை அரை கிராம்கூடத் தேறாது. அதைப் பதப்படுத்திக் கெட்டியாக்கி, 40 மைக்ரான் கனத்தில், அதாவது தலைமுடியில் பாதிப் பருமனுக்குச் சீவ வேண்டும். சீவல்கள் உப்புக் கரைசலில் மிதக்கும். பள்ளிப் பிள்ளைகள் படம் வரையும் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மாற்றுவோம். முதல் மாதம் நான் தூக்கியவற்றில் பாதி பிரஷ்ஷிலேயே ஒட்டிக் கிழிந்தன. மீதி, மடித்துப் போட்ட தோசை மாதிரி ஸ்லைடில் படுத்தன. ஒன்றை மட்டும் காணவே காணோம். மூன்று நாள் கழித்து என் சட்டைக் கையில் காய்ந்துபோய் ஒட்டியிருந்ததை ஒரு ஜூனியர் பெண் கண்டுபிடித்தாள். மூன்று நாளும் ஒரே சட்டைதான் என்ற விஷயமும் அதோடு வெளியே வந்துவிட்டது.

அடுத்தது நெயில் பாலிஷ். ஸ்லைடின்மேல் வைக்கும் கண்ணாடிச் சில்லின் ஓரத்தை அடைக்க உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதைத்தான் தடவுகிறார்கள். நிறமில்லாததாக இருக்க வேண்டும். கடையில் அது தீர்ந்துபோய்ச் சிவப்புதான் இருந்தது. ஓரத்துக்குத்தானே என்று வாங்கி வந்தேன். மைக்ரோஸ்கோப்பில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்க்கும்போது மூளை மங்கலாகவும் நெயில் பாலிஷ் தகதகவென்றும் தெரிந்தது.

இதெல்லாம் கைப்பழக்கம் இல்லாததால் வந்தது. புத்தி இல்லாததால் வந்தவை வேறு.

நாங்கள் சாயத்தை நேராக மூளையில் ஊற்றுவதில்லை. முதலில் ஓர் ஆன்டிபாடி போடுவோம். அது நியூரானில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதனிடம் விளக்கு கிடையாது. மறுநாள் இரண்டாவது ஆன்டிபாடியைப் போடுவோம். பச்சையாக ஒளிரும் சாயம் இதன் முதுகில்தான் இருக்கிறது. முதலாவது எந்தப் பிராணியின் உடம்பில் உண்டானதோ, அந்தப் பிராணியை அடையாளம் தெரிந்த இரண்டாவதைத்தான் போட வேண்டும். முயல் என்றால் முயலுக்கு, எலி என்றால் எலிக்கு. மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட வந்த வண்டி பெண் வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்?

என் வண்டி அங்கேதான் நின்றது. முதலாவது சுண்டெலியில் உண்டானது. நான் போட்டது முயலைத் தேடுவது. புட்டியிலேயே பெரிதாக எழுதியிருந்தது. இரண்டு நாள் வேலைக்குப் பிறகு, கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப் அறையில் விளக்கணைத்துக்கொண்டு, லேசரைக் கூட்டி, இன்னும் கூட்டி, ஒரு மணி நேரம் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புட்டியின் விலை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யவில்லை.

திருத்திக்கொண்டு, சுண்டெலியைத் தேடுகிற சாயத்தைப் போட்டேன். இந்த முறை பச்சை வந்தது. வந்தது என்றால், ஆற்றுப் படுகை மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து மூளை முழுக்க ஓடியது. நரம்புப் பின்னல் என்று நினைத்து நாற்பது படம் எடுத்தேன். ஆய்வகத்தில் மூத்தவரான மதுரைக்கார அக்கா எட்டிப் பார்த்தார்.

"எலியத் தேடுன்னு சொல்லி எலி மூளைக்குள்ளயே விட்டிருக்க. அது ரத்தக்குழாய்ல மிச்சமிருக்க எலி ரத்தத்தைப் பிடிச்சிருச்சு தம்பி. மூளைய எடுக்கறதுக்கு முன்னாடி ரத்தத்த ஒழுங்கா கழுவி எடுத்தியா இல்லையா?"

எடுத்தேன். ஆனால் அன்றைக்கு மெஸ் மூடப் போகிற நேரம்.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. "சாயம் போடறது யாரு வேணாலும் போடலாம் கண்ணு. அலசறதுதான் வேல. ஒட்டாத சாயத்த அலசி எடுக்காம உட்டா துணி பூராம் திட்டுத் திட்டா நிக்கும்" என்றார். எங்கள் செய்முறைத் தாளிலும் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை அலசு என்றுதான் போட்டிருக்கிறது. நான் அதை ஐந்து நிமிடம் வீதம் இரண்டு முறை என்று படித்து வந்தவன். கடைசியில் அப்பா இன்னொன்று கேட்டார்: "அலசுன தண்ணிய எங்க உடறே?" நொய்யல் ஆறு மாசுபட்டதற்காக 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர் அவர். கேனில் பிடித்து வைக்கிறோம் என்றேன். நான் சொன்னதில் அவருக்குத் திருப்தி தந்த ஒரே பதில் அதுதான்.

அதற்குப் பிறகு அலசினேன். மூன்று முறை, சில நாள் பயத்தில் ஐந்து முறை. ஒரு வெள்ளிக்கிழமை உண்மையாகவே ஒரு நியூரான் கிடைத்தது. கிளைகளெல்லாம் விரித்துக்கொண்டு, பச்சைப்பசேலென்று, கோலம் மாதிரி. அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓடிப்போய் இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அவர்கள் குனிந்து பார்த்தபோது அங்கே ஒரு சாம்பல் நிழல்தான் இருந்தது. இந்தச் சாயங்கள் ஒளி பட்டுத்தான் ஒளிரும். பட்டுக்கொண்டே இருந்தால் மூலக்கூறு சிதைந்து வெளுத்துப்போகும். முதலில் படம் எடு, பிறகு ரசி என்பது பாலபாடம். வீட்டில் அம்மா இதற்குச் சொல்கிற பெயர் கண்ணேறு. பட்டது என் கண்ணேதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. டாப்பி என்று ஒரு நீலச் சாயம். 1971-இல் தூக்க நோய்க்கு மருந்து தேடியவர்கள் செய்தது. டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்வதால் செல்லின் உட்கரு நீல மணியாகத் தெரியும். ஒருநாள் அந்த நீல மணிகளுக்கு நடுவே, படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, முறுக்கிக்கொண்டு ஒரு நீளமான நீல இழை ஓடியது. அவ்வளவு நீளமான ஆக்ஸானை நான் பார்த்ததே இல்லை. இந்த முறை முதலில் படம் எடுத்தேன். எடுத்த கையோடு அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "நல்லாருக்குது கண்ணு. ஆனா பஞ்சு மாதிரியில்ல தெரியுது?"

"இல்லீங்ப்பா. இது ஆக்ஸான். நரம்பு செல்லோட வால் மாதிரி" என்று தொடங்கி இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். 1871-இல் ஃப்ளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தைச் செய்த அடால்ஃப் ஃபான் பேயர்தான் துணிக்குப் போடும் நீலச் சாயத்தையும் முதலில் ஆய்வகத்தில் செய்து காட்டியவர், ஆகவே உங்கள் தொழிலும் என் தொழிலும் ஒன்றுதான் என்றெல்லாம் அளந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினார்.

மறுநாள் அக்கா படத்தைப் பார்த்தார். "டாப்பி எதுல ஒட்டும்?"

"டி.என்.ஏ.ல."

"அப்ப ஆக்ஸான் எப்படிடா இவ்வளவு நீலமா தெரியும்?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் தோளிலிருந்து ஒரு பொடி நூலைக் கிள்ளி எடுத்து, வெறும் ஸ்லைடில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் செருகினார். அதே நீலம், அதே முறுக்கு. நான் போட்டிருந்தது எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் வெள்ளை டி-ஷர்ட், அப்பா கொடுத்தனுப்பியது. வெள்ளைத் துணி பளிச்சென்று தெரியப் பட்டறையில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. அதாவது அதுவும் ஒளிரும் சாயம். நான்கு வருடத்தில் நான் எடுத்த படங்களிலேயே சீராகச் சாயம் ஏறியிருந்தது அப்பா போட்டதில்தான்.

இப்போதெல்லாம் கறுப்புச் சட்டைதான் போடுகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, தீபாவளிக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அதற்குள் அவர் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, பட்டறையில் மாட்டிவிட்டாராம். வருகிறவர்களிடம், "பையன் மூளை நரம்புங்கறான், எனக்கென்னமோ பஞ்சு மாதிரிதான் தெரியுது" என்கிறாராம். அங்கே இருக்கிற எல்லோரும் அப்பா பக்கம்தான் என்று அம்மா சொன்னார்.